ஒற்றை விரல் வணக்கம்

1

போன சனிக்கிழமை லண்டனில் லீ பிரிட்ஜ் றோட்டில் ஒரு லொறிக்காரன் தன் லொறியை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து எங்கள் வான் கண்ணாடியில் தட்டினான். ஆள் கதவுநிலை அளவு. யாருக்கு விரல் காட்டினாய் என்பதுதான் அவன் கேட்டதன் சாரம். அவன் பேசிய ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இனிமேல் என்னை எழுத விடமாட்டார்.

விரல் காட்டியது இவர். இவர் என்றால் என் கணவர் தவராசா. புருசன் பெயரை எழுத இன்னும் கை கூசுகிறது, என்றாலும் ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டும். காட்டியது சுட்டுவிரல்தான், வசவுக்குக் காட்டுகிற நடுவிரல் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் அந்த ஒரு விரலை மட்டும் உயர்த்துவது. கனடாவின் நடுவில், கோதுமை வயல்களுக்குள் கிடக்கிற சின்னஞ்சிறு ஊர்களில், எதிரே வாகனத்தில் வருகிற ஆளுக்கு வணக்கம் சொல்வது இப்படித்தான். லண்டனில் இதற்கு என்ன அர்த்தம் என்பது எதிரே வருகிறவனின் கண்பார்வையையும் அவன் வீட்டில் அன்றைக்கு என்ன சண்டை என்பதையும் பொறுத்தது.

நான் பக்கத்தில் இருந்து "ஹலோ, ஹலோ, ஒன்லி ஹலோ" என்று கத்தினேன். பின்னால் வந்த கார்களெல்லாம் ஹோர்ன் அடித்தன. அந்தக் களேபரத்துக்குள் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு போலீஸ் கார் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. லொறிக்காரனுக்கோ போலீசுக்கோ நான் பயப்படவில்லை. போலீசைக் கண்டால் இந்த மனுசன் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும், பயம் அதற்குத்தான். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

2

இவர் ஊரில் மினிபஸ் ஓடிய சாரதி. பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் இவரைத் தெரியாத சனம் குறைவு. நேரத்துக்கு எடுப்பார், நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவார், மிச்சக் காசுக்கு இனிப்புத் தருகிற பழக்கமும் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைநாள், வைப்பர் வேலை செய்யவில்லை, வீதியோரத்தில் ஒரு ஆமிக்காரன் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியதை இவர் காணவில்லை. பஸ்ஸின் பின்சில்லுக்குச் சுட்டார்கள். சனத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. இவரை இறக்கிக் கொண்டுபோனார்கள்.

பல மாதம் கழித்து வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று இவர் எனக்குச் சொன்னதும் இல்லை, நான் தோண்டிக் கேட்டதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த மனுசன் வீதியில் ஒரு கையையும் காணாமல் விட்டது கிடையாது. காணாத கையையும் கண்டார், அதுதான் பிரச்சினை.

லண்டன் வந்து லைசென்ஸ் எடுத்தார். வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய சிவப்புக் காரும் வந்து நின்றது. போலீஸ் கார் ஒன்று பின்னால் வந்தால் போதும். ஒருவரும் நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் ஓரம்கட்டி, பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, கைகளை உடம்பில் படாமல் அகட்டி, லைசென்ஸை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு நிற்பார். போலீஸ் அதுபாட்டுக்குப் போய்விடும். இவர் நிற்பார். நான் இறங்கிப் போய்த் தோளில் தொட்டுக் கூட்டிவந்து ஏற்ற வேண்டும்.

ஒருநாள் ஒரு போலீஸ்காரர் உண்மையாகவே தன் காரை நிறுத்திவிட்டார். கூப்பிடாமலே வந்து நிற்கிற ஆளை என்ன செய்வதென்று அந்த மனுசனுக்கும் தெரியவில்லை. சுகமா என்று கேட்டார், குடித்திருக்கிறாரா என்று பார்த்தார், போகச் சொன்னார். பின்சீற்றில் எங்கள் மகள் நிரோவும் அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதியும் இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நிரோ "அம்மா, இட்ஸ் சோ எம்பரசிங்" என்று அறைக்கதவைச் சாத்தினாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பா ஏன் அப்படி நிற்கிறார் என்று நாங்கள் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இவர் கார்த் திறப்புச் சாவியைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு "நான் இனி ஓடேல்லை" என்றார். அவ்வளவுதான். ஒரு பஸ் சனத்தைத் தலையில் வைத்துக் கொண்டுதிரிந்த மனுசன் பெற்றோல் நிலையத்தில் காசு வாங்குகிற கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மற்றவர்களின் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் காரின் மேல் பக்கத்து வீட்டுப் பூனை படுத்தது. நான் அரிசி மூட்டையை பஸ்ஸில் இழுத்தேன். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவதென்றால் ரெயில் மாறி மாறி அரை நாள் போய்விடும். அதெல்லாம் பரவாயில்லை. மனுசன் வரவர வாய் திறப்பதே குறைந்துகொண்டு போனது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

3

என் சின்னண்ணை கனடாவில் ரெஜைனா என்கிற நகரத்தில் கணக்கு வாத்தியார். "கோடை விடுமுறைக்கு வாங்கோ, ட்ரெய்லர் ஒண்டு வாங்கியிருக்கிறன், ஊர் ஊராத் திரிவம்" என்று ஒவ்வொரு வருசமும் போனில் சொல்லுவார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு அது. லண்டனில் கரவான் என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருசம், எப்படியாவது இந்த மனுசனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து வெளியே எடுக்க வேண்டும் என்று நான் ஓம் சொன்னேன்.

எங்களுக்கு அப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை, அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம்தான். விசா எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்த்தார். ரொறன்ரோவுக்கு இல்லையா, அங்கேதானே உங்கள் ஆட்கள் எல்லாரும் என்றார். இல்லை, கோதுமை பார்க்கப் போகிறோம் என்றேன். கோதுமையா என்றார். திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்றார். நகரசபைக் கவுன்சில் எங்கள் வீட்டுக்குப் புதுக்கதவு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது, மூன்று வருசம் அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன், அதைப் பார்க்காமல் எங்கே போவேன் என்றேன். அந்த மனுசி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். கவுன்சில் கதவால் கிடைத்த ஒரே நன்மை அது.

அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. சின்னண்ணை, இவர், நிரோ, நான் என்று நாலு பேர் கிளம்பினோம். லண்டனில் இருந்து நான் மிளகாய்த்தூள், புட்டுமா, கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ட்ரெய்லருக்குள் கருவாடு பொரித்த அன்று நிரோ வெளியே புல்லில் பாய் போட்டுப் படுத்தாள்.

அந்த ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெகுதூரத்திலேயே ஊர் தெரிந்துவிடும். ரெயில்பாதை ஓரத்தில் தானியம் சேர்க்கிற மரக் களஞ்சியம் ஒன்று நெட்டையாக நிற்கும், அதில் ஊரின் பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். கோபுரத்தைப் பார்த்துக் கோயிலுக்குப் போவதுபோல நாங்கள் அதைப் பார்த்து ஓடினோம். அகலமான ஒரே ஒரு வீதி, ஒரு தபால்கந்தோர், ஒரு வங்கி, பனிக்காலத்தில் விளையாடுகிற மண்டபம் ஒன்று. சில ஊர்களில் வாசலில் ஒரு பெரிய பொம்மை. ஒன்றில் மாடு அளவு வெட்டுக்கிளி நின்றது. வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்ற ஊர்க்காரர் அதற்கே சிலை வைத்திருக்கிறார்களே என்று நான் வியந்தேன். "சாப்பிட்டது அதுதானே, கும்பிடத்தானே வேணும்" என்றார் சின்னண்ணை.

எந்தச் சின்ன ஊரிலும் ஒரு சீனக் குடும்பம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தது. சுற்றிவர ஒரு சீனர் கிடையாது. அந்தக் குடும்பம் அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஊர்ப் பந்து விளையாட்டில் சேர்த்துவிட்டிருந்தது. நாங்கள் லண்டனில் தெருவுக்குத் தெரு தமிழரை வைத்துக்கொண்டு தனிமை, தனிமை என்று புலம்புகிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரு தட்டு நூடில்ஸ் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டேன்.

ட்ரெய்லர் நிறுத்துகிற இடங்களில் காவலுக்கு ஆளில்லை. ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், தங்குகிற காசை உறையில் போட்டு அதற்குள் போட்டுவிட வேண்டும். இவர் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒருத்தரும் பாக்கேல்லையே. அப்ப ஆர் போடுவினம்?"

"எல்லாரும் போடுவினம், மச்சான்" என்றார் சின்னண்ணை.

இவர் நம்பவில்லை. ஆனால் உறையை அவரே ஒட்டி, அவரே போட்டார்.

இன்னொன்றையும் நான் பின்சீற்றில் இருந்து கவனித்தேன். எதிரே ஏதாவது வாகனம் வந்து அந்தச் சாரதி ஸ்டியரிங்கில் விரலைத் தூக்கும்போதெல்லாம், முன்சீற்றில் இருந்த இவரின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. சின்னண்ணையும் பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். அவருக்கு அது மூச்சுவிடுவது மாதிரி, விளக்கம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

4

கோபர் என்று அங்கே ஒரு பிராணி இருக்கிறது, அணிலுக்கு அண்ணன். வயல்வெளி முழுக்கப் பொந்து தோண்டும். ஒரு காலை ட்ரெய்லர் படியில் இருந்து தேநீரும் கையுமாக இறங்கிய சின்னண்ணை நேரே ஒரு பொந்துக்குள் காலை வைத்தார். வலது கால். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்று சொல்லிக் கட்டுப் போட்டு, இந்தக் காலால் வாகனம் ஓடக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ஓடத் தெரியாது. நிரோ சின்னப்பிள்ளை. எல்லாரும் இவரைப் பார்த்தோம். இவர் வெட்டுக்கிளியைத் தேடுகிற ஆள்போல வானத்தைப் பார்த்தார்.

"மச்சான், நீர்தான் ஓட வேணும்" என்றார் சின்னண்ணை.

"எனக்கு ஏலாது. விசர்க்கதை கதையாதையும்."

"சரி, அப்ப நான் இந்தப் பொந்துக்குள்ளையே கிடக்கிறன். பனி கொட்டேக்கை வந்து தூக்குங்கோ."

நிரோ அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா, யூ யூஸ்ட் டு ட்ரைவ் எ பஸ். அம்மா டோல்ட் மீ. இஸ் இட் ட்ரூ?"

மகள் இவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்ததோ. இவர் அவளைப் பார்த்தார். பிறகு ட்ரெய்லரைக் கொழுவியிருந்த இடத்தைக் குனிந்து ஆட்டிப் பார்த்தார், சில்லுகளைத் தட்டிப் பார்த்தார், போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறினார். சின்னண்ணை பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு இருந்து "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று ஜெபம் செய்துகொண்டு வந்தார், அங்கே வீதியில் வலப்பக்கமாக ஓட வேண்டும்.

மனுசன் ஓடினார் பாருங்கள். ட்ரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை. பள்ளத்துக்கு முன்னமே வேகம் குறைந்தது, திருப்பத்தில் ஒரு கோப்பை உருளவில்லை. இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்த வயல். நான் பின்னால் இருந்து என் புருசனின் பிடரியைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன். அப்போது எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் வாகனம் வந்தது. அதை ஓட்டிவந்த கிழவர் விரலைத் தூக்கினார்.

இவர் பிரேக்கை மிதித்தார். ஓரம்கட்டினார். பெல்ட் கழன்றது. சின்னண்ணை "மச்சான், அது சும்மா ஹலோ! ஏறும்!" என்று கத்தக் கத்த இறங்கிப்போய், கைகளை அகட்டிக்கொண்டு, நீலப் புத்தகத்தைப் பிடித்தபடி புழுதிக்குள் நின்றார். நிரோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். சின்னண்ணைக்கு இறங்க ஏலாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஊர்களில் ஒரு வாகனம் ஓரமாக நின்றால் மற்றவர்கள் நிற்காமல் போகமாட்டார்களாம். பிக்கப் அப்படியே பின்னுக்கு வந்தது. கிழவர் இறங்கினார். எழுபது வயது இருக்கும், தொப்பி போட்ட, வயல் செய்கிற கமக்காரர். ஏதும் பழுதா என்று கேட்டார். இவர் புத்தகத்தை நீட்டினார்.

கிழவர் புத்தகத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கினார். திறந்து பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். "தா… வா… ராஜா." படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, நல்ல படம் என்றார். மூடித் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் பின்பையில் இருந்து தோற்பை ஒன்றை எடுத்து, அதற்குள் இருந்த தன் லைசென்ஸை உருவி இவரிடம் நீட்டினார். இது நான், வால்ற்றர், என் படம் அவ்வளவு நல்லாயில்லை என்றார். தன் பெயரைச் சொல்லாமல் மற்றவன் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போவது மரியாதை இல்லை என்று அந்த மனுசன் நினைத்திருக்க வேண்டும்.

இவர் அதை வாங்கினார். வாழ்க்கை முழுக்க நீட்டியே பழகிய கை அது. ஒருவர் தன் அட்டையை இவரிடம் நீட்டி, இவர் பார்த்து முடிக்கும்வரை காத்துநிற்பது அதுதான் முதல்தடவை. பெயர், விலாசம், பிறந்த திகதி எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தார். கிழவரின் முகத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தனக்கு எப்போதும் சொல்லப்பட்டதையே சொன்னார்.

"ஓகே. யூ கேன் கோ."

கிழவர் அட்டையைத் தோற்பைக்குள் வைத்தார். பிறகு விறைப்பாக நின்று, தொப்பியில் கையை வைத்து, "தேங்க் யூ, ஒஃபிசர்" என்றார்.

முதலில் சிரித்தது நிரோ. அவள் தொடங்க சின்னண்ணை தொடங்க, பிறகு இவர். அப்படி ஒரு சிரிப்பை நான் கலியாணம் செய்த புதிதில் கேட்டது. சிரித்துக்கொண்டே போய் ட்ரெய்லர் படியில் இருந்தார். இருந்தபிறகு அது அழுகையாகிவிட்டது. நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கிழவர் ட்ரெய்லரின் சில்லுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார், பழுதே இல்லாத சில்லுகளை. இவர் முகத்தைத் துடைத்து எழுந்ததும் கைகொடுத்து, அடுத்த ஊரில் திருவிழா நடக்கிறது, காலையில் எல்லாருக்கும் பான்கேக் சுட்டுக் கொடுக்கிறார்கள், தவறவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

அன்று பின்னேரம், வெயில் இன்னும் இருக்க, ட்ரெய்லர் வாசலில் நான் ரொட்டி சுட்டேன். நிரோ தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். "அப்பா, ஏன் நீங்கள் இறங்கினது?" என்று தமிழில் கேட்டாள். அவளுடைய தமிழ் கல்லும் முள்ளும். என்றாலும் தமிழ்தான்.

இவர் சொன்னார். மழையையும், காணாமல் விட்ட கையையும், பின்சில்லையும் சொன்னார். எனக்கே தெரியாத சிலதையும் சொன்னார், அவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். ரொட்டி கருகியது, நான் பார்க்கவில்லை. அவள் கடைசியில் "ஐ தோட் யூ வேர் ஜஸ்ட் வியர்ட்" என்று தோளில் சாய்ந்துகொண்டாள். இத்தனை காலம் பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று மூடிவைத்தோம், பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

அடுத்த நாளில் இருந்து நிரோதான் வாத்தியார். எதிரே வாகனம் வந்தால் "நவ், அப்பா, நவ்!" என்பாள். முதலில் இவர் முழுக்கையையும் தூக்கினார். எதிரே வந்தவர் பயந்திருப்பார். பிறகு இரண்டு விரல். ஒருமுறை அவசரத்தில் நடுவிரல். "நொட் தட் வன்!" என்று நிரோ கிரீச்சிட்டாள். ரெஜைனாவுக்குத் திரும்புவதற்குள் சுட்டுவிரல் சரியாக வந்துவிட்டது. சின்னண்ணையின் கால் நடுவிலேயே சுகமாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன், ஆனால் அவர் கடைசிவரை நொண்டினார்.

6

லண்டன் வந்து சாமித்தட்டில் இருந்து திறப்பை எடுத்தார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தள்ளிவிட்டார், பூனைக்குத்தான் கோபம். பெற்றோல் நிலையத்து வேலையை விட்டு, பார்க்கிங் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு தமிழரின் பலசரக்கு மொத்தக் கடைக்கு வான் ஓடத் தொடங்கினார். நிரோ இப்போது லண்டனுக்கு வெளியே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்குப் போய் ஏற்றிவருவது இவர்தான். போலீஸ் தூரத்தில் போகும்போது இவர் இப்போது இறங்குவதில்லை. ஆனால் ஒரு போலீஸ்காரர் நேரே வந்து கண்ணாடியில் தட்டியது அன்றுவரை நடக்கவில்லை. லீ பிரிட்ஜ் றோட்டில் அதுதான் நடந்தது.

இளம் பெடியன். என்ன பிரச்சினை என்று கேட்டான். நான் இவரைப் பார்க்கவில்லை, இவர் பக்கத்துக் கதவுப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. இவர் பெல்ட்டோடு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், "குட் மோர்னிங் ஒஃபிசர். நான் இவருக்கு ஹலோ சொன்னேன். இவருக்குப் பிடிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். எப்படிச் சொன்னீர்கள் என்றான் பெடியன். இவர் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். பெடியன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, லொறிக்காரனிடம் முதலில் லொறியை எடு, வீதி அடைபட்டுக் கிடக்கிறது என்றான். இவரிடம், லண்டனில் தலையை ஆட்டினால் போதும் சேர் என்றான்.

வான் நகர்ந்தது. போலீஸ் காரைக் கடக்கும்போது இவர் தலையை ஆட்டவில்லை. விரலைத் தூக்கினார். உள்ளே ஏறிக்கொண்டிருந்த பெடியன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானும் ஒரு விரலைத் தூக்கினான்.

நான் சந்தோசத்தில் இவருக்கு ஏதோ சொல்லத் திரும்பியபோதுதான் என் மடியைப் பார்த்தேன். வானுக்குரிய கடதாசி, இன்சூரன்ஸ், எங்கள் இரண்டு பேரின் பாஸ்போர்ட் எல்லாம் என் கைகளில் இருந்தன. எப்போது எடுத்தேனோ தெரியாது. என் பெல்ட் கழன்று கிடந்தது. என் பக்கத்துக் கதவு பாதி திறந்திருந்தது.

இவரும் பார்த்தார்.

"ஒருத்தரும் கேக்கேல்லையப்பா," என்றார். "உள்ளுக்கை வை."

வைத்தேன். கதவைச் சாத்தினேன்.